நல்ல நாளில் வந்தவள்

விசாரணை நாளன்று எனக்கு உடம்பு நன்றாக இருந்துவிடக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள். என் மாமியார் அவிநாசிக்கே போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தார்.

"சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க அத்தை?"

"என்னத்தக் கேக்கறது? என்ற மருமவளுக்கு வர்ற புதங்கிழமை மட்டும் முடியாம ஆக்கிப்போடு சாமின்னேன். பக்கத்துல நின்னவ என்னையக் கீழயும் மேலயும் பாத்துட்டுப் போறா."

"மறுநா சரியாக்கிடுன்னும் சொன்னீங்களா?"

"அதையுந்தான் சொன்னேன். எது காதுல விழுந்துச்சோ."

நாங்கள் இருவரும் சிரித்தோம். என் கணவன் சபரீஷ் சிரிக்கவில்லை. அவன் கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

ஆறு வருடங்களுக்கு முன் திருப்பூர் முழுக்க ஒரு காய்ச்சல் வந்து போனது. எல்லோருக்கும் வந்தது, எல்லோரும் எழுந்தார்கள். எனக்கும் காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. போனது காய்ச்சல் மட்டும்தான். அது விட்டுச்சென்றதற்கு மருத்துவர்கள் நீளமான பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஊரில் பின்காய்ச்சல் என்போம். ஒரு நாள் கால்கள் ஈரமணல் மூட்டைகளாகிவிடும். இன்னொரு நாள் கால்கள் சரியாக இருக்கும், ஆனால் 'கரண்டி' என்ற சொல் வாயில் வராது. தலைவாரக் கையைத் தூக்கினால் நெஞ்சு ஓடத் தொடங்கும். டியூப்லைட் வெளிச்சம் பல்லில் கூசும். அப்புறம் காரணமே இல்லாமல் ஒரு நல்ல நாள் வரும். அந்த நல்ல நாளில் கொஞ்சம் எச்சாக நடந்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, மறுநாளும் ஆகாது. அதற்கடுத்த நாள் சாய்ந்துவிடுவேன். எங்களுக்குள் அந்த வார்த்தைதான் புழக்கம். விழுவது வேறு, விழுந்தவர் எழலாம். சாய்ந்தவர் எப்போது எழுவார் என்று யாருக்கும் தெரியாது.

வலியை நான் பொறுத்துக்கொள்வேன். இந்த நோயின் நாணயமின்மைதான் பொறுக்காது. சர்க்கரை நோய்க்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர்களிடம் ஓர் எண் இருக்கிறது. அதை நீட்டினால் யாரும் நம்பிவிடுவார்கள். என்னிடம் இருப்பது என் வாய்வார்த்தை மட்டும்.

எங்களைப் போன்றவர்களுக்காகச் சட்டம் ஒன்று வந்தது. பின்காய்ச்சல் உறுதியானால், முடியாத நாளில் முன்கூட்டிச் சொல்லாமலே வேலைக்கு வராமல் இருக்கலாம். அதற்காக யாரும் நம்மை வெளியே அனுப்ப முடியாது. வராநாள் உரிமை என்று பெயர். அதற்கான சான்றைப் பெறுவதற்குத்தான் விசாரணை. நான் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஷேடு பார்க்கும் லேபின் பொறுப்பாளர். வெளிநாட்டு பையர் அனுப்பும் மாதிரித் துணியின் நிறமும் நாங்கள் சாயமேற்றிய துணியின் நிறமும் ஒன்றா என்று பார்த்து, சரி என்று நான் சொன்னால்தான் துணி தையலுக்குப் போகும். நான் வராத நாளில் லாரிகள் நிற்கும். மேனேஜர் நல்ல மனிதர். "இந்தத் தடவையும் சான்று கிடைக்கலைன்னா வேற ஆள் போட்டுத்தாங்க ஆகணும் சங்கவி" என்று தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

இந்தத் தடவையும் என்று அவர் சொன்னதற்குக் காரணம், போன வருடமே ஒரு முறை போய்த் தோற்றிருந்தேன்.

சான்று மன்றத்தின் அலுவலகம் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்தில் இருந்தது. மருத்துவர் வைதேகி மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், சட்டைக் கை பிதுங்கும் புஜங்களோடு ஒருவர். பெயர் திருமூர்த்தி. மாநில அளவில் பளு தூக்கியவராம். அவர்தான் ஏற்பாளர். நோய்நொடி அறியாத உடம்புக்காரர்களைத்தான் அந்த வேலைக்கு எடுப்பார்கள். என் மணிக்கட்டில் ஒரு பட்டை, அவருடையதில் ஒரு பட்டை.

"உங்க உடம்புல நடக்கறது இவர் உடம்புக்குப் போகும்" என்று மருத்துவர் விளக்கினார். "வலி, கனம், தலைசுத்தல், படபடப்பு, மூளைக் களைப்பு. நீங்க என்ன நினைக்கறீங்கன்றது போகாது. பயப்படாதீங்க."

"எல்லாமே போகுங்களா?"

"உங்க பூஜ்யத்தைக் கழிச்சு மிச்சம் போகும். பதிவு பண்ண வந்தப்போ, நல்லா இருக்கற நாளாப் பாத்து வரச்சொல்லி ஒரு அளவு எடுத்தோம்ல? அதான் உங்க பூஜ்யம். வயசு, பழைய முட்டிவலி, அசதி, இதெல்லாம் யாருக்குத்தான் இல்ல? அதையும் நோய்க் கணக்குல சேத்தா நியாயமா இருக்காதில்ல?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த அளவு எடுக்க நான் என் மிக நல்ல நாளில் போயிருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. நான் நோயாளி மட்டும் இல்லை, இப்படியும் ஒருத்தி இருக்கிறாள் என்று காட்டிவிட்டு வந்தது போல.

துரதிர்ஷ்டம், அந்த விசாரணை நாளும் நல்ல நாளாகவே விடிந்திருந்தது. திருமூர்த்தி கண்ணை மூடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார்.

"ஒண்ணும் இல்லீங்களே. நல்லாத்தான் இருக்கறீங்க!" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்பவரின் முகத்தோடு.

அந்தப் பயணத்தின் அலைச்சலுக்கு மூன்றாம் நாள் சாய்ந்தேன். வாரக்கணக்கில் எழவில்லை. அதை ஏற்றுப் பார்க்க எந்த ஏற்பாளரும் வரவில்லை.

அதனால்தான் சபரீஷ் நாட்காட்டியைத் திறந்து வைத்திருந்தான்.

"திங்கக்கிழமை காலைல நம்ம அபார்ட்மெண்ட் படி முழுக்க ஏறி இறங்கினீன்னா, புதங்கிழமை காலைல கரெக்டா வந்துரும்."

"கல்யாணத்துக்கு நாள் குறிக்கற மாதிரியே சொல்ற."

"எனக்கு மட்டும் ஆசையா சங்கவி? எல்லாரும் இதத்தான் பண்றாங்க. உங்க பின்காய்ச்சல் குரூப்லயே எத்தன பேரு சாய்ச்சுக்கிட்டுப் போய் வாங்கியிருக்காங்க. நேர்மையா போனவ நீ ஒருத்திதான். என்ன கெடச்சுது?"

அவன் சொன்னது உண்மை. எங்கள் ஆட்களிடம் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு படி ஏறுவார்கள், வீடு முழுக்கத் துடைப்பார்கள், ஒருவர் பழனிமலையே ஏறினார். விசாரணை நாளில் சக்கர நாற்காலியில் போய் இறங்கினால் ஏற்பாளருக்கு வேண்டிய அளவு போய்ச்சேரும்.

சபரீஷ் என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் தினமும் நான் கண் திறக்குமுன் அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான், துணி காயப்போடும் முன் வானத்தைப் பார்ப்பவர்கள் போல. அந்தப் பார்வை விழுவதை மூடிய இமைக்குள்ளிருந்தே உணர்வேன். இன்றைக்கு எப்படி என்று எனக்கே தெரியாதபோது அவனுக்கு என்ன பதில் சொல்வது? பல நாள் தூங்குவது போலவே கிடந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் எங்கள் கம்பெனிக்கு எதிர்க் கம்பெனியில் துணி வெட்ட அளவு வரைந்து கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டராக இருந்தவர். ஆண்கள் மட்டுமே செய்துவந்த வேலையில் கத்தரிக்கோலோடு நுழைந்து, "அளவுக்கு ஆம்பள பொம்பள தெரியாது" என்று சொல்லித் திரிந்தவர். காய்ச்சல் அவரையும் பிடித்தது. இரண்டு வருடம் முன்பு படி ஏறித் தன்னைச் சாய்த்துக்கொண்டு, சான்று வாங்கினார். அதற்குப் பிறகு கட்டிலை விட்டு இறங்கவில்லை.

அறை இருட்டாக இருந்தது. ஜன்னலில் கெட்டியான கறுப்புத் துணி. நான் தரையில் அமர்ந்தேன்.

"யாரு, சங்கவியா? செண்ட் கிண்ட் போடலியே?"

"இல்லக்கா. சோப்புகூடப் போடல."

"அப்ப கொஞ்சம் தள்ளியே உக்காரு" என்றார். குரல் மூச்சளவுக்குத்தான் இருந்தது, ஆனால் கிண்டல் குறையவில்லை. "புதன்கிழமை உனக்கா?"

"ஆமாக்கா."

"என்னோட சான்று அந்தச் சுவத்துல மாட்டியிருக்கு பாரு. வேலைக்குப் போற உரிமை. கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்களாம். வெளிச்சம் போட்டாத்தானே நான் பாக்க முடியும்?"

இருட்டில் கண்ணாடியின் ஓரம் மட்டும் தெரிந்தது.

"ஏறும்போது எப்படி இருந்துச்சுக்கா?"

தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"ஜாலியா இருந்துச்சுடி" என்றார். "எத்தன வருஷம் ஒவ்வொரு அடியும் எண்ணி எண்ணி வெச்சிருக்கேன். அன்னிக்கு எண்ணவே இல்ல. ரெண்டு ரெண்டு படியா ஏறினேன். மொட்டமாடில நின்னு கத்தினேன் தெரியுமா? கீழ வாட்ச்மேன் பயந்துட்டான்." மூச்சு வாங்கினார். "நீ ஏறாத. ஏறினாலும் மூணாவது மாடியோட நிறுத்திக்கோ."

"இதுதான் மூணாவது மாடின்னு உடம்புக்கு எப்படிக்கா தெரியும்?"

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாக மாறியது. அவருடைய மகள் கதவருகே வந்து என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள், போதும் என்று.

திங்கள் காலை எங்கள் படிக்கட்டின் அடியில் நின்றேன். சபரீஷ் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றான். முதல் படியில் கால் வைத்தேன்.

இந்த ஆறு வருடங்களில் நான் படித்த படிப்பெல்லாம் இந்த உடம்பை நிற்கவைப்பது எப்படி என்பதுதான். எந்தக் காலையில் குளிக்கலாம், எந்தக் காலையில் முகம் மட்டும் கழுவலாம், எந்த வாக்கியத்தைப் பேசாமல் விட்டால் மாலை வரைக்கும் மூளை வரும். இவ்வளவு பாடுபட்டு நிற்கவைத்ததை, நானே காலைத் தட்டிவிட்டு, பார் விழுந்துவிட்டேன் என்று ஓர் அந்நியரிடம் காட்ட வேண்டுமா? பொய்யாக நடிக்கச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. இவர்கள் நிஜத்தையே கேட்கிறார்கள். நான் உண்மை சொல்கிறேன் என்பதற்கு என் மிச்ச வாழ்க்கையை அடமானம் கேட்கிறார்கள்.

காலை எடுத்துவிட்டேன்.

"நான் வேலைக்குப் போறேன்."

"சங்கவி, இன்னிக்கு விட்டா வேற நாள் இல்ல."

"தெரியும்."

"அப்ப புதங்கிழமை எதைக் காட்டுவ?"

"எது இருக்கோ அதை."

அவன் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு வண்டி எடுக்கப் போனான்.

லேபில் எனக்காக ஒரு சண்டை காத்திருந்தது. சாயப்பட்டறையின் மாஸ்டர் பழனிச்சாமி கருநீலத் துணி ஒன்றை என் மேசைமேல் வீசினார்.

"ஏனுங்க மேடம், திரும்பத் திரும்பச் சாயம் ஊத்திட்டேன். உங்க ஆளுக ஒவ்வொரு தடவையும் எச்சா இருக்குது, எச்சா இருக்குதுன்னு திருப்பி அனுப்பறாங்க. அதே சாயம், அதே அளவு, அதே தண்ணி. போன வருசம் இதே ஷேடு பாஸ் ஆச்சுங்களா இல்லீங்களா?"

"ஆச்சுங்க."

"அப்ப எனக்குக் கண்ணு தெரியலையா, உங்க லேபுக்குத் தெரியலையா?"

நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் துணியையும் எங்கள் ஸ்டாண்டர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஸ்டாண்டர்ட் என்பது பையர் ஒப்புக்கொண்ட மூலத்துணி. எல்லாத் துணியையும் அதோடு வைத்துத்தான் பார்ப்போம். மாஸ்டரின் துணி உண்மையிலேயே ஒரு படி கூடுதலாகத்தான் தெரிந்தது. பிறகு ஸ்டாண்டர்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். கிளிப் கடித்திருந்த இடத்தில் மட்டும் நீலம் ஆழமாக இருந்தது. யாரோ அதைக் கறுப்பு உறைக்குள் போடாமல் ஜன்னலோரப் பலகையில் மாதக்கணக்கில் மாட்டி வைத்திருந்தார்கள். உறைக்குள் பத்திரமாக இருந்த மறுபாதியை எடுத்து வைத்துப் பார்த்தேன். மாஸ்டரின் துணி அச்சாகப் பொருந்தியது.

"மன்னிச்சுக்குங்க மாஸ்டர். தப்பு எங்களோடது. உங்க துணி சரி."

"ஸ்டாண்டர்டே வெளுத்துப்போச்சுங்களா!" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "எதை வெச்சுப் பாக்கறமோ அதே வெளுத்திருந்தா, எது சரி எது தப்புன்னு எந்தக் கடவுளுக்குங்க தெரியும்?"

அவர் போன பிறகும் நான் விளக்குப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தேன். பூஜ்யம் எடுக்க, நல்லா இருக்கற நாளாப் பாத்து வாங்க என்று மன்றத்தில் சொன்னார்கள். நானும் போனேன். நன்றாக இருக்கிறேன் என்று எதை வைத்துச் சொன்னேன்?

புதன்கிழமை விடிந்தது. மாமியார் காப்பியோடு வந்தவர், நான் ஏற்கெனவே எழுந்து தலைவாரிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"எந்திரிச்சுட்டயா அம்மிணி?"

"எந்திரிச்சுட்டேன் அத்தை."

"நல்லாருக்கறயா?"

"நல்லாருக்கேன்."

"அடக் கெரகமே!" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

மன்றத்தில் அதே அறை, அதே இருவர். சபரீஷை வெளியே உட்காரச் சொன்னார்கள். திருமூர்த்தி என்னை அடையாளம் கண்டுகொண்டு வணக்கம் சொன்னார். மருத்துவர் வைதேகி பட்டையைக் கட்டுமுன் கேட்டார்.

"இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

அவர் நிமிர்ந்தார். அந்த அறையில் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். "இதுதான் உங்களுக்குக் கடைசி வாய்ப்பு, தெரியுமில்ல?"

"தெரியும். அதனால ஒண்ணு கேக்கணும். என் பூஜ்யத்தைக் கழிக்காம அனுப்புங்க."

"அப்படிச் செய்யறதில்லம்மா. போன தடவையே சொன்னேனே, எல்லாருக்கும் இருக்கற சின்னச் சின்ன வலியெல்லாம் சேந்துரும்."

"சேரட்டும் டாக்டர். எல்லாருக்கும் இருக்கறதுதானே? இவருக்கு எந்தக் கஷ்டமும் வராது. அந்த அளவை எடுத்தப்பவே எனக்கு நோய் வந்து பல வருஷம் ஆச்சு. நல்லா இருக்கறதுன்னா எப்படி இருக்கும்னு எனக்கு ஞாபகம் இருந்துதான் நல்லா இருக்கேன்னு சொன்னேனான்னே எனக்கு இப்பச் சந்தேகமா இருக்கு. நான் பாக்கற வேலைல, வெளுத்துப்போன துணியை வெச்சுக்கிட்டு எதையும் பாஸ் பண்ணக் கூடாது. ஒரே ஒரு தடவ கழிக்காம பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா எந்திரிச்சுப் போயிடறேன்."

மருத்துவர் தயங்கினார். திருமூர்த்திதான் கையை நீட்டினார்.

"பாத்துரலாங்க டாக்டர். எங்களுக்கென்ன, ஊரையே தூக்கின ஆளுங்க நாங்க."

மருத்துவர் திரையில் எதையோ மாற்றினார்.

முதலில் திருமூர்த்தி சிரித்தபடிதான் இருந்தார். பிறகு சிரிப்பு முகத்தில் இருந்தது, அவர் அதில் இல்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோள்கள் மெல்ல இறங்கின. நெற்றி வியர்த்தது. கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார்.

"அந்த லைட்ட… கொஞ்சம் அணைக்கறீங்களா?"

மருத்துவர் அணைத்தார்.

"கழுத்துல யாரோ உக்காந்துட்ட மாதிரி… காலு என்னோடதான்னு…" தேடிப் பார்த்துவிட்டு வார்த்தையைக் கைவிட்டார். பிறகு என்னிடம் கேட்டார். "இன்னிக்கு உங்களுக்கு முடியாத நாளுங்களா?"

"இல்லீங்க. நல்ல நாள்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குள் வந்துவிட்ட ஒருவர், சமையலறை வரைக்கும் பார்த்துவிட்டது போல எனக்குக் கூசியது. ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. தீபாவளிக்கு நான் அத்தனை பேருக்கும் பரிமாறிய நாள், சபரீஷோடு பைக்கில் காங்கயம் வரை போய்வந்த நாள், நன்றாக இருக்கிறேன் என்று நானே வாய்விட்டுச் சொன்ன ஒவ்வொரு நாளும் இதுதான். பளு தூக்கியவரால் தூக்க முடியாதது.

ஜெசிந்தா அக்கா படி ஏறியிருக்கவே வேண்டியதில்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. பழனிமலை ஏறியவரும். பூஜ்யத்தைக் கழிக்காமல் பார்த்திருந்தால், சும்மா வந்து உட்கார்ந்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

மருத்துவர் வைதேகி திரையையும் திருமூர்த்தியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரல் மென்மையாகிவிட்டது. மென்மையான குரல்களை நான் அறிவேன். ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம்.

"நீங்க இவ்வளவு மோசமா இருக்கீங்கன்னு நினைக்கவே இல்லம்மா. இது வராநாள் உரிமைக்கான கேஸே இல்ல. இந்த உடம்பை வெச்சுக்கிட்டு யாராலயும் வேலை பாக்க முடியாது. முழு இயலாமைன்னு எழுதிடறேன். வேலைய விட்டுட்டு நிம்மதியா வீட்ல இருக்கலாம். அரசாங்கமே பாத்துக்கும்."

"வேண்டாம்."

"புரியாம பேசாதீங்க. இது பெரிய சலுகை. இதுக்காக எத்தன பேரு நடையா நடக்கறாங்க…"

"அவங்களுக்குக் குடுங்க. நான் கேட்டது என் வேலை. போன வருஷம் எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு அனுப்பினீங்க. இந்த வருஷம் என்னால ஒண்ணுமே முடியாதுன்றீங்க. நடுவுல ஒருத்தி ஆறு வருஷமா தினமும் எந்திரிச்சுப் போய் நிறம் பாத்துட்டு வந்திருக்காளே, அவ உங்க ரெண்டு கணக்குலயும் இல்லையா?"

"நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இவரோட நெலமையப் பாருங்க. இவராலயே முடியல."

"இவருக்கு இது முதல் நாள் டாக்டர். எனக்கு இதுல ஆறு வருஷப் பழக்கம். முடியாத நாள்ல என்னால முடியாதுதான். அந்த நாள்ல படுத்துக்கற உரிமையத்தான் கேக்கறேன். முடியற நாள் எதுன்னு நான் சொல்றேன். அதை நீங்க சொல்ல வேண்டாம்."

"டாக்டர்" என்றார் திருமூர்த்தி. கையை மேசையில் ஊன்றியிருந்தார். "ஒரு நிமிசம். நீங்க ரெண்டு பேரும் பேசறது… வார்த்தை ஒவ்வொண்ணாக் கேக்குதுங்க. ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டீங்குது. என்ன சண்டைன்னே எனக்குப் புரியல." மூச்சை இழுத்துக்கொண்டார். "இவங்க இதே உடம்போடதான உங்ககூடச் சண்ட போட்டுட்டிருக்காங்க?"

மருத்துவர் எழுந்துவந்து முதலில் அவருடைய பட்டையைக் கழற்றினார். பிறகு என்னுடையதை. தன் இடத்துக்குத் திரும்பிப் போய், வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தட்டச்சு செய்தார்.

"வராநாள் உரிமை. நிரந்தரமா" என்றார் என்னைப் பார்க்காமல்.

"பூஜ்யத்தைக் கழிக்காம பாத்தோம்னும் போட்டீங்களா?"

"போட்டா அடுத்து வர்றவங்க எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும். நீங்க போடலைன்னாலும் நான் போய்ச் சொல்லத்தான் போறேன். இனிமே ஒருத்தரும் சாய்ச்சுக்கிட்டு இங்க வர மாட்டாங்க."

அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். திரும்பவும் விசைகள் மேல் குனிந்தார்.

நடைவழியில் திருமூர்த்தி என் பின்னால் வேகமாக வந்தார். அதற்குள் அவர் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. அவருக்கு அது கழற்றி வைக்கக்கூடியது. கையில் இரண்டு பட்டைகளையும் வைத்திருந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லலாங்களா? தப்பா எடுத்துக்காதீங்க." குரலைத் தாழ்த்தினார். "இது ரெண்டு பக்கமும் ஓடுங்க. உங்களோடது எனக்கு வந்த மாதிரி, என்னோடது உங்களுக்கும் வரும். ரூல்ல இல்ல. ஆனா டாக்டர் டீ குடிக்கப் போயிட்டாங்க. ஒரே ஒரு நிமிசம். நல்லா இருக்கறதுன்னா எப்படின்னு… நீங்க மறந்துட்டேன்னு சொன்னீங்கல்ல. அது மனசுல நின்னுபோச்சு."

அவர் நீட்டிய பட்டை உள்ளங்கையில் ஒரு ரப்பர் வளையல் போலக் கிடந்தது. அவருடைய தோள்களைப் பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன். எதையும் எண்ணாமல் நின்றுகொண்டிருக்கும் கால்களைப் பார்த்தேன். என் கை தானாக எழுந்தது.

ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நல்ல நாளிலும் கண்விழிக்கும்போது அதன் பக்கத்தில் இவருடைய உடம்பு வந்து நிற்கும். தலைவாரும்போது, பைக்கில் காற்று முகத்தில் அடிக்கும்போது, விளக்குப் பெட்டிக்குள் இரண்டு நீலங்கள் ஒன்றாகும்போது, இது அது இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மருத்துவரின் கணக்குக்கு இவருடைய உடம்பு அளவாக இருக்கட்டும். அங்கே அது தேவை. என் காலைகளுக்கு அளவு சொல்ல இவர் யார்?

இந்த நோய் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதெல்லாம் போதும். என் நல்ல நாட்களை நான் இந்த உடம்பிலிருந்தே, ஒவ்வொன்றாக, பிடுங்கி எடுத்தவள். அவற்றை யாருடைய உடம்போடும் வைத்துப் பார்க்க மாட்டேன்.

"வேண்டாங்க" என்றேன். "ரொம்ப தேங்க்ஸ். நிஜமாவே வேண்டாம்."

"ஏனுங்க?"

"எனக்கு இன்னிக்கு நல்ல நாளுங்க. அதைக் கெடுத்துக்க விருப்பமில்ல."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நான் உள்ளே வந்தபோது சொன்னது போலவே வணக்கம் சொன்னார். இந்த முறை கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தார்.

வெளியே சபரீஷ் நகத்தைக் கடித்தபடி நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனால் படிக்க முடியவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

"குடுத்துட்டாங்க" என்றேன்.

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று எழுந்தான். "வா, வீட்டுக்குப் போலாம். இவ்வளவு அலஞ்சிருக்க. போய்ப் படு."

"எதுக்கு?"

"எதுக்கா? நாளான்னிக்குச் சாஞ்சுருவ சங்கவி!"

"நாளான்னிக்குச் சாஞ்சுக்கறேன். அதுக்குத்தானே உரிமை வாங்கியிருக்கேன்? இப்ப வண்டிய எடு."

"எங்க போறது?"

மணி பன்னிரண்டுகூட ஆகியிருக்கவில்லை. வெயில் கண்ணைக் கூசவைத்தது. கழுத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். என் நல்ல நாளில் பாதிக்கு மேல் இன்னும் மிச்சமிருந்தது.